மர்யொன் என்று எழுதிய அட்டை

1

இந்தக் கதை ஒரு அட்டையிலிருந்து வந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்லத் தைரியம் வராமல் போகலாம். பொய்ப்பல் செய்கிற இடங்களுக்குப் பற்கள் வரிசையாக ஒட்டப்பட்டு வருமே, அந்தச் சின்ன அட்டை. பற்களைப் பிரித்தெடுத்த பின் அது குப்பைக்குப் போக வேண்டியது. இதன் பின்பக்கத்தில் நீல மையில் ஒரு கொரியச் சொல் இருக்கிறது. அதன் கீழே தமிழில் ‘மர்யொன்’. அதற்கும் கீழே பொடி எழுத்தில், ‘ஏற்பாடு செய்து வைத்தல்’. ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே, ‘நடந்தே தீரும் என்பதற்கும் இதேதான்’.

இது போல நூற்று எண்பது அட்டைகள் ஒரு பிஸ்கட் டப்பாவில் என் மேசைமேல் இருக்கின்றன. எழுதியவள் உயிரோடுதான் இருக்கிறாள். (செத்துப்போனவளின் கையெழுத்து என்று நினைத்து நெஞ்சைப் பிடித்துக்கொள்ள வேண்டாம். அப்படியிருந்தால் எனக்கு எழுதுவது சுலபம்.) டப்பா என்னிடம் எப்படி வந்தது என்பது பின்னால் வரும். கதையில் ஒரு தம்பி வருவான். அவன் யார் என்று இப்போதைக்குக் கேட்காதீர்கள்.

2

தொடக்கம் ஒன்று: ‘அவள் பற்கள் செய்பவள்.’ சப்பென்று இருக்கிறது.

தொடக்கம் இரண்டு: ‘மழை தூறிக்கொண்டிருந்த ஒரு காலையில் அவள் பரீட்சைக்குக் கிளம்பி’ — மழையே பெய்யவில்லை. எழுதுகிறவன் தடுமாறினால் உடனே வானத்தைத் தொந்தரவு செய்வான்.

தொடக்கம் மூன்று: ‘பழைய அச்சை நம்பாதீங்கன்னு ஊருக்கே சொன்னவள்’ — இது நல்ல வாக்கியம், ஆனால் இப்போதே செலவழிக்கக் கூடாது.

சரி, சுற்றி வளைத்தது போதும். அவளுக்கு முப்பத்தொன்பது வயது. மருந்துக்கடைக்கு மேலே இரண்டாம் மாடியில் பொய்ப்பல் செய்யும் கூடத்தில் பதினாறு வருடமாக வேலை. மெழுகை உருக்குவாள், வாயை அளவெடுத்து வார்த்த மாவு அச்சில் பல் வரிசை நிறுத்துவாள், தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்குவாள். மூக்கில் எப்போதும் வெள்ளைத் தூள். மெழுகு இறுகுகிற இடைவெளியில் அட்டையைப் பார்த்து முணுமுணுப்பாள். கூடத்துக்காரர்கள் அவளுக்கு வைத்த பெயர் டீச்சர்.

அவள் கண் வைத்திருந்தது கொரியாவில் ஒரு தொழிற்சாலை வேலைமேல். அதற்கு ஆளெடுக்கும் திட்டத்தில் சேரக் கொரிய மொழித் தேர்வு எழுத வேண்டும். தேர்வு வருடத்துக்கு ஒரு தடவை. நாற்பது முடிந்தால் கதவைச் சாத்திவிடுவார்கள். ஆக இதுதான் அவளுக்குக் கடைசி வண்டி.

எதற்காக அப்படிப் பறந்தாள் என்று கேட்பீர்கள். விளம்பரத் தாளில் பணியாளர் அறையின் படம் ஒன்று இருந்தது. ஒரு கட்டில், ஒரு ஜன்னல், ஒரு மேசை. தம்பிக்கு அதைக் காட்டும்போது அவள் விரல் வேறொன்றின்மேல் நின்றது.

“பாத்தியாடா? ஒரே ஒரு நாற்காலி.”

“அதுக்கென்ன?”

“வேற யாரும் வந்து உக்கார முடியாதுடா.” சொல்லிவிட்டுச் சின்னப் பெண் மாதிரி சிரித்தாள். அம்மா படுக்கையில் கிடந்த நாலு வருடம், அதன் பிறகு அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ஆறு வருடம். கல்யாணப் பேச்சுகள் வந்தன, வாசலோடு நின்றன. தம்பி மட்டும் காலாகாலத்தில் கல்யாணம் செய்துகொண்டு நாலு தெரு தள்ளிப் போய்விட்டான், கெட்டிக்காரன்.

3

அப்பா பஸ் கண்டக்டராக இருந்தவர். வலது கை விழுந்துவிட்டது, குரல் விழவில்லை. அட்டைகளை வைத்துக் கேள்வி கேட்கும் பொறுப்பை அவரே எடுத்துக்கொண்டார். காலையில் அவள் அவரைத் துடைத்து, நிமிர்த்தி உட்காரவைத்து, கரண்டி கரண்டியாக ஊட்டுவாள். தண்ணீர்கூடப் புரையேறும். ஆள் பக்கத்திலிருந்து முதுகைத் தட்டாவிட்டால் மூச்சு நின்றுவிடும். அந்த ஊட்டலுக்கு நடுவே பரீட்சை நடக்கும்.

“நூத்திப் பதினேழு! மர்யொன், மர்யொன்! இறங்கறவங்கல்லாம் இறங்கு!”

“ஏற்பாடு பண்றது.”

“இன்னொண்ணு?”

“நடந்தே தீரும்ங்கறது. குளிருக்குக் கோட்டு எடுத்து வெச்சாலும் இதுதான். மனுஷன்னா வயசாகத்தான் செய்யும்னாலும் இதுதான். அதெப்படிப்பா? ஒண்ணு நம்ம கையில இருக்கறது, இன்னொண்ணு கை மீறினது.”

“இதுல என்னம்மா அதிசயம்? ஒரே பஸ்தான். போகும்போது ஒரு போர்டு, வரும்போது ஒரு போர்டு.”

(இந்தப் பதிலை நான் இட்டுக்கட்டவில்லை. எனக்கு இவ்வளவு நன்றாக வராது.)

“நான் போயிட்டா உங்களுக்குக் கஷ்டமா இருக்காதாப்பா?”

“ஏன், தம்பி இல்ல? அவன் பாத்துப்பான். நீ வாயைத் திற, அடுத்த அட்டை.”

4

இங்கே அவளுடைய தவறைச் சொல்ல வேண்டும். அவள் தவறே செய்யாதவள் என்று எழுதினால் நீங்கள் நம்பமாட்டீர்கள்.

பொக்கை வாயில் அப்பாவுக்குக் கொரியச் சொற்கள் காற்றாகத்தான் வந்தன. பல் கட்டிவிட்டால் தெளிவாகச் சொல்லிக் கேட்பாரே என்று ஆசைப்பட்டாள். பல் போன ஈறு வற்றிக்கொண்டே போகும். அதனால் ஆறு மாதத்துக்கு மேற்பட்ட அச்சை உடைத்துப் போட வேண்டும் என்பது அவர்கள் தொழிலில் பாலபாடம். புதிதாக வந்தவர்களுக்கு அவள்தான் அதைச் சொல்லிக்கொடுப்பாள். ஆனால் புது அச்சு எடுக்க வாய் நிறையப் பசையை அப்பி, இறுகும்வரை பிடித்திருக்க வேண்டும். புரையேறுகிற மனிதரை அந்தப் பாடு படுத்த அவளுக்கு மனம் வரவில்லை. ஒன்றரை வருடத்துக்கு முன், புரையேறுவது இவ்வளவு மோசமாகாதபோது எடுத்த அச்சு கூடத்து அலமாரியில் இருந்தது. அதை வைத்தே, மூன்று வாரம், சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து, ஈறின் நரம்புக் கோடுகள்வரை இழைத்துச் செய்தாள்.

அப்பா மாட்டிக்கொண்டார். “மர்...” என்றார். மேல்வரிசை மடியில் விழுந்தது.

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிறகு அவள் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். தம்பி அன்று அங்கே இருந்தான். குழாய்ச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு பேப்பர் படித்தான்.

5

தேர்வு காலை ஒன்பதுக்கு. போய்ச்சேர ஒரு மணி நேரம். தம்பி ஏழு மணிக்கு வந்து அப்பாவோடு இருப்பதாக ஏற்பாடு.

“மறந்துடாதடா.”

“என்னக்கா நீ! ஏழுன்னா ஏழு. நான் பாத்துக்கறேன், நீ கவலைப்படாமப் போ.”

பக்கத்து வீடு பூட்டிக்கிடந்தது. தம்பிதான் வருகிறானே என்று அவள் வேறு யாரிடமும் சொல்லியும் வைக்கவில்லை. அன்று விடியலுக்கு முன்பே அப்பாவுக்கு எல்லாம் முடித்தாள். இஸ்திரி போட்ட உடுப்பு, நுழைவுச்சீட்டு, இரண்டு பேனா, தண்ணீர் பாட்டில். ஏழு ஆயிற்று, ஏழே கால் ஆயிற்று. பால்கனிக்கு வந்து பார்த்தாள். போன் செய்தாள். மறுபடி வந்தாள். எட்டே கால்வரை நின்றாள். “நான் இருந்துக்கறேன், நீ போம்மா” என்று அப்பா கத்தினார், கத்தியதில் புரையேறியது. அவள் பையை வைத்துவிட்டு ஓடிப்போய் முதுகைத் தட்டினாள்.

தம்பி வந்தபோது மணி பதினொன்று.

ஏன் தாமதம்? எழுதிப் பார்த்தவை:

(அ) பஸ் நடுவழியில் நின்றுவிட்டது. நாலு தெருவுக்கு எதற்கடா பஸ்?

(ஆ) அவன் மனைவிக்குத் திடீரென்று — அவளை ஏன் இழுக்க வேண்டும், பாவம்.

(இ) தூங்கிவிட்டான். இது பரவாயில்லை. தூங்கியவனை ஜனங்கள் மன்னித்துவிடுகிறார்கள். போன வருடம்வரை இந்த (இ)யைத்தான் கதையில் வைத்திருந்தேன்.

6

அந்தத் தம்பி நான்தான். உங்களுக்கு முன்பே தெரிந்திருக்கும்.

நான் தூங்கவில்லை. ஆறே முக்காலுக்கே அக்காவின் தெரு முக்குக்கு வந்துவிட்டேன். அங்கே டீக்கடை. ஒன்று குடித்துவிட்டுப் போகலாம் என்று நின்றேன். நிற்கும்போது ஒரு கணக்கு ஓடியது. இவள் போய் எழுதினால் தேறிவிடுவாள். தேறினால் போய்விடுவாள். போய்விட்டால் துடைப்பதும் நிமிர்த்துவதும் ஊட்டுவதும் யார்? நான். எத்தனை வருடம்? அம்மா நாலு, அப்பா இதுவரை ஆறு. கால் நகரவில்லை. நகர்த்தவில்லை என்று எழுதுவதுதான் சரி. ஒரு வேன் நின்றிருந்தது, அதன் மறைவில் இரண்டாவது டீ வாங்கினேன். அவள் மூன்று தடவை பால்கனிக்கு வந்ததைப் பார்த்தேன். போனைக் காதில் வைத்ததைப் பார்த்தேன். என் போன் கையில் அதிர்ந்தது, எடுத்துப் பார்த்தேன், பைக்குள் போட்டேன். நாலு தடவை.

சீ, இவனும் ஒரு மனுஷனா என்று நீங்கள் சொல்வது கேட்கிறது. சொல்லுங்கள்.

அப்பா மூன்று மாதத்தில் போய்விட்டார். மூன்றே மாதம். அக்கா போயிருந்தால் என் பங்குக்கு அவ்வளவுகூட வந்திருக்காது, அவள் விமானம் ஏறவே அதற்குமேல் ஆகியிருக்கும். அடுத்த தேர்வுக்குள் அவளுக்கு நாற்பது முடிந்துவிட்டது. காரியமெல்லாம் முடிந்த பின் அந்தப் பல் செட்டைக் கூடத்துக்குக் கொண்டுபோனாள். செய்யச் சொல்லிவிட்டு வாங்க வராதவர்களின் பற்கள் இருக்கும் தட்டில் வைத்தாள். பிஸ்கட் டப்பாவை என்னிடம் கொடுத்தாள்.

“எனக்கெதுக்குக்கா?”

“எழுதறவனுக்குத்தானே வார்த்தை வேணும். வெச்சுக்கோ.”

குத்தலா, பாசமா என்று இன்றுவரை தெரியவில்லை. அந்த வீட்டில் இப்போது அவள் மட்டும்தான். நாற்காலிகள் நாலு இருக்கின்றன.

7

முடிவுகள் சில செய்து வைத்திருந்தேன். ஒன்றில் வயது வரம்பைத் தளர்த்துகிறார்கள். ஒன்றில் நான் காலில் விழுகிறேன், அவள் தலையைத் தடவுகிறாள். எல்லாவற்றையும் கிழித்துவிட்டேன்.

ஒரு சின்ன விஷயத்தை மட்டும் இதுவரை எந்தப் பிரதியிலும் எழுதியதில்லை. அன்று பதினொரு மணிக்கு நான் மூச்சிரைக்கிற மாதிரி உள்ளே போனேன். “வழியில ஒரு சிக்கல்கா” என்று ஆரம்பித்தேன். அக்கா உடுப்பை மாற்றியிருந்தாள். அப்பாவுக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள், திரும்பவில்லை. குரலில் கோபம் கொஞ்சமும் இல்லை.

“உக்காரு. டீ போடல. நீதான் முக்குக் கடையிலயே ரெண்டு குடிச்சுட்டியே.”

அப்பாவின் வாயை முந்தானையால் துடைத்துவிட்டு அடுத்த கரண்டியை எடுத்தாள்.

பால்கனியிலிருந்து பார்த்தால் அந்த வேன் ஒரு மறைவே இல்லை, முக்குக் கடை கூப்பிடு தூரம். “டேய் தம்பி” என்று ஒரு குரல் கொடுத்திருந்தால் ஓடியிருப்பேன். எட்டே கால்வரை என்னைப் பார்த்துக்கொண்டே நின்றவள் ஏன் கூப்பிடவில்லை? அதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். நான் பதினொரு விதமாக எழுதிப் பார்த்துவிட்டேன், ஒவ்வொன்றிலும் நான் கொஞ்சம் நல்லவனாகிவிடுகிறேன்.