பூதத்தின் முதுகைக் கிழித்த அடைக்கலமேரி

1

இந்தக் கதை எனக்குப் பேருந்தில் கிடைத்தது. கட்டுமாவடியில் ஏறிய ஒருவர், "எங்க சின்னாத்தா ஒருதடவ கடல்பூதத்தக் கத்தியால கிழிச்சிருச்சு" என்று டிக்கெட் கேட்கிற குரலில் சொன்னார். வீடு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

முதல் தொடக்கம்: 'அமாவாசை இருட்டில் கடல் உறுமியது, அப்போது…'

வேண்டாம். அந்தப் பக்கத்துக் கடல் உறுமாது. இடுப்பளவுத் தண்ணீரும் சேறுமாக வெகுதூரம் சும்மா கிடக்கும். போதாததற்கு, நடந்தது பட்டப்பகலில்.

2

1961. கட்டுமாவடிக்குத் தெற்கே ஒரு மீனவக் குப்பத்தில், சென்னையிலிருந்து சின்னதாக ஒரு சினிமா கம்பெனி வேனில் வந்து இறங்கியது. படத்தில் ஊரே கெட்ட ஊர். வழிதவறி வருகிறவர்களைக் கடல்பூதத்துக்குக் காவு கொடுக்கும். கடைசியில் கதாநாயகன் பூதத்தைக் குத்திக் கொல்வான்.

பூதம் என்பது மூங்கில் கூடு, அதன்மேல் கறுப்புச் சாயம் பூசிய சாக்கு, கண்ணுக்கு இரண்டு சைக்கிள் விளக்கு. உள்ளே ஆளை விட்டு முதுகைத் தைத்துவிடுவார்கள். அதற்கு முதலில் கை தூக்கியவன் ஆரோக்கியமுத்து, அந்தச் சின்னாத்தா அடைக்கலமேரியின் கணவன், சினிமாப் பைத்தியம்.

மேரிக்கும் ஒரு வேடம் உண்டு. கரையில் மண்டியிட்டுப் பூதத்தைக் கும்பிட வேண்டும்.

"கும்புடமாட்டேங்க. மாதாவுக்கு யாரு பதில் சொல்றது?"

"சரி, சும்மா நில்லுங்கம்மா" என்றார் டைரக்டர்.

3

கேமரா ஓடியது. பூதம் தண்ணீரிலிருந்து எழுந்து, நாலடி நடந்து, குப்புற விழுந்து புரண்டது.

"பிரமாதம்! அப்படியே புரளுங்க!" என்று டைரக்டர் கூவினார். கரை கைதட்டியது. மேரிக்கு மட்டும் சுருக்கென்றது. பூதம் விழும் கட்டம் நாளைக்குத்தான். அதை ஆரோக்கியமுத்து வீட்டுப் பாயில் விழுந்து விழுந்து ஒத்திகை பார்த்திருந்தான்.

"ஐயோ, சாக்கு ஊறிப்போச்சு! அந்த மனுசனால எந்திரிக்க முடியல!"

மீன் அறுக்கும் கத்தியோடு ஓடினாள். தண்ணீர் தெறிக்கப் பூதத்தின் மேல் ஏறி, முதுகை ஒரே இழுப்பாகக் கிழித்தாள். உள்ளேயிருந்து சேறும் இருமலுமாகக் கணவன் வந்தான்.

(டைரக்டரை வில்லனாகத்தான் எழுதி வைத்திருந்தேன். அதை அடித்துவிட்டேன். அவரும் பூட்ஸோடு தண்ணீரில் பாய்ந்திருக்கிறார். கேமராக்காரர்தான் கேமராவை நிறுத்தவேயில்லை.)

4

"இதை அப்படியே படத்துல வச்சுக்கிறேம்மா. பூதத்தைக் கொல்றது நீங்கதான்" என்றார் டைரக்டர்.

"அப்ப நான் எதுக்கு?" என்றான் கதாநாயகன், குடைக்கடியிலிருந்து.

அவள் உடனே சம்மதித்துச் சிரித்தாள் என்று… இல்லை. அவள் சொன்னது இது:

"வச்சுக்கங்க. ஆனா எங்க ஊருல ஆளக் காவு குடுக்குறாகன்னு காட்டாதீங்க. நாளைக்கு எங்க புள்ளைகளுக்கு யாரு பொண்ணு குடுப்பா? அப்புடிக் காட்டுறதா இருந்தா என் மூஞ்சிய வெட்டிருங்க."

டைரக்டர் பூட்ஸிலிருந்த தண்ணீரைக் கொட்டினார். "பார்க்கிறேம்மா" என்றார். வேன் போய்விட்டது.

5

அடுத்த வருடம் மணமேல்குடி டென்ட் கொட்டகையில் படம் போட்டார்கள். குப்பமே வண்டி கட்டிக்கொண்டு போனது. விளக்கு அணைந்ததும் ஒரு குரல் ஆரம்பித்தது: 'தூரதேசத்துத் தீவு ஒன்றில்…'

"தீவாம்ல!" மேரி, பக்கத்தில் இருந்தவள் தொடையில் ஓங்கித் தட்டினாள். குப்பம் விசிலடித்தது.

பூதம் எழுந்தது. முதலில் அலறியவன் ஆரோக்கியமுத்து.

"உள்ள இருக்குறதே நீங்கதாங்க!"

"தெரியுதுடி. இருந்தாலும் பயமாருக்குல்ல!"

பூதம் விழுந்தது. தண்ணீரைக் கிழித்துக்கொண்டு கத்தியோடு ஓர் உருவம் ஓடுகிறது. முதுகுதான் தெரிகிறது. திரையோ அழுக்கு, கட்டியிருப்பது சேலையா வேட்டியா, தெரியவில்லை. குப்பம் முழுக்க முழங்காலில் எழும்பி நிற்கிறது. மேரி கணவனின் கையை நெரிக்கிறாள்.

நான் பேனாவை மூடுகிறேன். நீங்களும் இதே கொட்டகை மணலில்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள். அந்த முகம் இதோ திரும்பப் போகிறது. யார் முகம்? மேரியா, கதாநாயகனா? கத்திச் சொல்லுங்கள், இந்தக் கூச்சலில் மெல்லச் சொன்னால் காதில் விழாது.