கழுத்தில் தொங்கிய மரமுளை

மார்ஸ்தால் துறைமுகத்துப் பாய்க்கப்பல்களில் கயிறு மாற்றி அவிழ்ப்பதைவிடப் பெரிய பாவம் கிடையாது. கொலைகாரனுக்காவது பாதிரியார் மன்னிப்பு வாங்கித் தருவார். பாய்மரத்தடியில் வரிசையாகச் செருகிய மரமுளைகள். முளைக்கு ஒரு கயிறு, கயிற்றுக்கு ஒரு பாய். புயலோ இருட்டோ, கை தானாகச் சரியான முளைக்குப் போக வேண்டும்.

தலைமை மாலுமி வில்லாஸ் செத்தாலும் அவன் கை மட்டும் எழுந்து வந்து சரியான கயிற்றைப் பிடிக்கும் என்பது அவனே பரப்பிய சேதி. போன பயணத்தில் தோகர் என்ற மாலுமி கயிறு மாற்றிவிட்டான். குழவிக்கல் கனத்தில் ஒரு முளையை அவன் கழுத்தில் கட்டி, ஊர் பார்க்கக் கரையிறங்க வைத்தவன் வில்லாஸ்தான். தோகரின் மனைவி அதற்கப்புறம் வெகுநாள் கடைத்தெருவுக்கு வரவில்லை.

இப்போது கப்பல் மறுபடி துறைக்குள் நுழைந்தது. கரையில் வில்லாஸ் கட்டிக்கொள்ளப்போகும் சீத்ஸெலும், பார்வையாலேயே ஆளை எடைபோடும் அவள் அம்மாவும். சின்னப் பாயை இறக்கச் சொன்னார் கேப்டன். வில்லாஸ் ஒரு கையால் சீத்ஸெலுக்குத் தொப்பியை ஆட்டிக்கொண்டே மறு கையால் கயிற்றை அவிழ்த்தான்.

வந்தது பெரிய பாய். தேவாலயக் கூரையே பெயர்ந்தாற்போல விழுந்து, கேப்டன், சமையல்காரன், அவன் கையிலிருந்த பட்டாணிக் கஞ்சி, கப்பல் பூனை என்று சகலத்தையும் மூடியது.

ஒவ்வொருவராகத் தவழ்ந்து வெளியே வந்தார்கள். யார் செய்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. எல்லாத் தலையும் தோகர் பக்கம் திரும்பியது.

"மறுபடியுமாடா?" என்றார் கேப்டன், மீசையில் கஞ்சி வழிய.

தோகர் ஒரு முளையை உருவிக்கொண்டு, கழுத்தில் கட்டக் கயிற்றுத் துண்டு தேடினான், நுகத்தடிக்குப் பழகிய மாடு மாதிரி.

வில்லாஸுக்குக் காதுமடல் வரை பற்றி எரிந்தது. சும்மா இருந்தால் போதும், தப்பிக்கலாம். சீத்ஸெல் இன்னும் கையாட்டிக்கொண்டிருந்தாள்.

"குடு அதை. நான்தான் அவுத்தேன்."

"தெரியும். பக்கத்துலதான நின்னேன்."

"அப்ப ஏன்டா வாயத் திறக்கல?"

"சொன்னா யாரு நம்புவாங்க, சொல்லுங்க?"

முளை தொங்க வில்லாஸ் கரையிறங்கினான். ஊர் வயிறு குலுங்கச் சிரித்தது, கடற்காக்கைகள்கூடச் சிரித்தன.

"நகை நல்லாருக்கு மாப்ளே," என்றாள் சீத்ஸெலின் அம்மா.

அதைக்கூடத் தாங்கிக்கொண்டான். கூட்டத்தின் ஓரத்தில் தோகரின் மனைவி நின்றாள். அவளாவது வாய்விட்டுச் சிரித்துத் தீர்த்துக்கொள்ளட்டும் என்று அவள் எதிரில் போய் நின்றான்.

அவள் சிரிக்கவில்லை. முளையைப் பார்த்ததும் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.