சமுத்திரம் ஓட்டிய பேட்ச்

ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி தயாரிக்கும் அந்தக் கம்பெனியில் ஜெயசித்ராவுக்குக் கம்ப்யூட்டர் என்ட்ரி வேலை. ஆறு வருஷமாக ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறாள். அந்தத் திங்கட்கிழமை காலை, மேனேஜர் ரத்தினம் பேக்கிங் ஹாலில் எல்லோர் காதிலும் விழும்படி, "ஒழுங்கா சூடு வைக்காம விட்டது நீதான். ஒத்துக்கிட்டு எழுதிக் குடுத்துட்டுப் போ" என்று சமுத்திரத்தைப் பார்த்துச் சொன்னபோது அவளும் லேபிள் கட்டோடு அங்கேதான் நின்றிருந்தாள்.

சமுத்திரம் மம்சாபுரத்துக்காரர். பேண்டேஜில் கிருமி நீக்கும் ஸ்டெரிலைசரைப் பதினாலு வருஷமாக ஓட்டுகிறவர். போன மார்ச்சில் அனுப்பிய ஒரு பேட்ச் சரியில்லை என்று வாங்கியவர்கள் எழுதியிருந்தார்கள். அன்றைக்கு எத்தனை டிகிரி, எத்தனை நிமிஷம் என்பது பழைய லினக்ஸ் கம்ப்யூட்டரில் பதிவாகியிருக்கும். அதுவோ பத்து நாளைக்கு முன்பு போர்டும் டிஸ்க்கும் கருகி நின்றுபோனது. சர்வீஸுக்கு வந்த வினோத், பழைய ரெக்கார்டு இனிமேல் கிடைக்காது என்று கையை விரித்துவிட்டான்.

"மாசாமாசம் நான் காப்பி எடுத்து வச்சிருக்கேன் சார்," என்றாள் ஜெயசித்ரா.

"காப்பி இருந்து என்ன செய்ய மேடம்?" என்றான் அங்கே நின்றிருந்த வினோத். "அதைத் தொறக்கிற புரோகிராம் புது கம்ப்யூட்டர்ல ஓடாதே."

"புது கம்ப்யூட்டருக்குள்ள பழைய லினக்ஸையே ஏத்தலாம். ஹைப்பர்வைசர் போட்டா, உள்ளுக்குள்ள தனியா ஒரு மெஷின் மாதிரி அது பாட்டுக்கு ஓடும்."

ரத்தினம் அவள் பக்கம் திரும்பினார். "ஏம்மா, ஒனக்கு என்ட்ரி வேலை. அதை மட்டும் பாரு."

"அந்த பேட்ச் நம்பரைப் போட்டதே நான்தான் சார். சமுத்திரம் அண்ணன் கையெழுத்துப் போட வேண்டாம். வியாழக்கிழமை வரைக்கும் பொறுங்க, ரெக்கார்டை எடுத்துத் தாரேன்."

"வரலேன்னா?"

"வரலேன்னா அவிய பேரோட என் பேரையும் சேத்து எழுதிக்கோங்க."

சொல்லிவிட்டாளே தவிர, வீட்டு லேப்டாப்பில் ஒரே ஒரு தடவை விளையாட்டாகச் செய்து பார்த்த வேலை அது.

கம்பெனி நெட்டில் பெரிய ஃபைல் எதுவும் இறங்காது. சாயங்காலம் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, லினக்ஸின் அதே பழைய பதிப்பையும் ஹைப்பர்வைசரையும் தேடிப் பென்டிரைவில் இறக்கினாள். செவ்வாய்க்கிழமை சாப்பாட்டு நேரத்தில் தன் மேஜைக் கம்ப்யூட்டரில் ஹைப்பர்வைசரைப் போட்டாள். உள்ளே ஒரு மெஷின் உருவாக்கி, இரண்டு ஜிபி மெமரியும் நாற்பது ஜிபி டிஸ்க்கும் ஒதுக்கி, ஸ்டார்ட்டை அழுத்தினாள். சிவப்பெழுத்தில் ஒரு பிழைதான் வந்தது. அதை எழுத்தெழுத்தாகப் படித்தாள். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டு, பயாஸ் செட்டிங்குக்குள் போய், கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டரை ஓட விடும் வர்ச்சுவலைசேஷன் மூடிக்கிடந்ததைத் திறந்துவிட்டாள். இந்த முறை கறுப்புத் திரையில் லினக்ஸ் எழுத்துகள் மளமளவென்று இறங்கின.

புதன்கிழமை மதியம் இன்ஸ்டால் முடிந்து, உள்ளிருந்த மெஷின் தானாக அணைந்து எழுந்தது. எழுந்ததும் முதலிலிருந்து மறுபடி இன்ஸ்டால் செய்யட்டுமா என்று கேட்டது. பின்னால் வந்து நின்ற ரத்தினம் அதைப் பார்த்துவிட்டார்.

"போதும்மா. மூடி வையி. லேபிள் வேலை அப்படியே கெடக்கு."

"லேபிளைக் காலையிலேயே முடிச்சிட்டேன். இது என் சாப்பாட்டு நேரம் சார்."

"சொன்னா கேக்க மாட்டியா?"

"இதுல கேக்க மாட்டேன்."

அவள் நாற்காலியைவிட்டு எழவில்லை. முதலில் போட்ட இன்ஸ்டால் ஃபைல் இன்னும் செருகியே இருப்பது கண்ணில் பட்டது. அதைக் கழற்றிவிட்டு மறுபடி ஸ்டார்ட் கொடுத்தாள். லாகின் கேட்டது. ரத்தினம் போகாமல் அங்கேயே நின்றார்.

காப்பியிலிருந்து புரோகிராமையும் ரெக்கார்டுகளையும் உள்ளே ஏற்ற ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. கருகிப்போன கம்ப்யூட்டரில் தினமும் பார்த்த அதே பச்சைத் திரை எழுந்து வந்தது. பேட்ச் நம்பரைத் தட்டினாள். நூற்று இருபத்தொரு டிகிரி, முப்பது நிமிஷம். நிமிஷத்துக்கு நிமிஷம் பதிவாகியிருந்தது, ஓட்டியவர் சமுத்திரம். ஓரிடத்திலும் சூடு குறையவில்லை.

ரத்தினம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை படித்தார். "சரி. இதைப் பிரிண்ட் எடு, வாங்குனவியளுக்கு அனுப்பிருவோம். சமுத்திரத்தை நாளையிலருந்து மறுபடி ஸ்டெரிலைசருக்கே போகச் சொல்லு."

பிரிண்ட் எடுத்தாள். ஆனால் அதை அவர் கையில் கொடுக்கவில்லை.

"நான் சொல்ல மாட்டேன் சார். பேக்கிங் ஹால்ல அம்புட்டுப் பேரு முன்னாடியும் நீங்கதான அவியளைச் சொன்னீங்க. இதையும் அங்கேயே சொல்லுங்க."

"நீ எல்லை மீறிப் பேசுதே."

"மீறித்தான் பேசுதேன்."

 ரத்தினம் கையை நீட்டினார். அவள் காகிதத்தைக் கொடுத்துவிட்டு, ஹாலின் கதவைத் தள்ளித் திறந்து பிடித்துக்கொண்டாள். மேஜைகளில் மடித்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்தார்கள். திங்கட்கிழமையிலிருந்து கடைசி மேஜையில் மடிக்க உட்காரவைக்கப்பட்டிருந்த சமுத்திரம் எழுந்து நின்றார். ரத்தினம் தொண்டையைச் செருமி, தாளைப் பார்த்தபடியே, "சமுத்திரம் பேர்ல தப்பு இல்ல" என்றார்.

"பின்னால இருக்கவங்களுக்குக் கேக்கல சார்," என்றாள் ஜெயசித்ரா.

அவர் இன்னொரு தடவை, சத்தமாகச் சொன்னார்.