வாழைத்தண்டைக் காப்பாற்றிய படகு

1

என் செல்போனில் சார்ஜ் ஏறவில்லை. இந்தக் கதை பிறந்தது அதனால்தான், வேறு உன்னதக் காரணம் எதுவும் இல்லை. ஆரணி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மணிமேகலை நடத்தும் ரிப்பேர் கடைக்குப் போனேன். மேசைமேல் இரண்டு ப்ரொப்பெல்லர்கள் கிடந்தன. ஒன்று பித்தளை, மூன்று இறக்கை, உள்ளங்கை அகலம். மற்றது சிவப்பு பிளாஸ்டிக், சின்னது, இரண்டே இறக்கை. எது எதற்கு என்று சும்மா கேட்டுவைத்தேன்.

வீட்டுக்கு வந்து எழுதிய முதல் வரி: "ஏரியின்மேல் அன்று நிலா—"

அதை அப்படியே விட்டிருக்கிறேன், பார்த்துக்கொள்ளுங்கள். பட்டப்பகலில் நடந்ததற்கு நிலா எதற்கு? எழுதுகிறவனுக்குக் கை அரித்தால் இப்படித்தான் ஆகும்.

2

நடந்ததை மட்டும் சொல்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன்னால் பிள்ளையார் கரைப்பில் மணிமேகலையின் தம்பி குமரேசன் ஏரியில் மூழ்கிச் செத்தான். கரையில் ஊரே நின்றது. நீச்சல் தெரிந்தவர்கள் பட்டு வேட்டியில் இருந்தார்கள்.

(இந்த வரியை எடுத்துவிடச் சொன்னாள் என் மனைவி. பட்டு நெய்து பிழைக்கிற ஊரில் இப்படி எழுதலாமா என்றாள். இருக்கட்டும்.)

அந்த ஆத்திரத்தில் மணிமேகலை செய்ததுதான் ரிமோட் படகு. தொட்டில் நீளம், சுற்றிலும் பிடித்துக்கொள்ளக் கயிறு. மூழ்குகிறவர் கயிற்றைப் பிடித்தால் கரைக்கு இழுத்து வர வேண்டும். அதற்குத்தான் இரண்டு ப்ரொப்பெல்லர்கள். பித்தளை மெதுவாகப் போகும், ஆனால் ஆள் கனத்தை இழுக்கும். துணியும் தலைமுடியும் சிக்காதபடி அதைச் சுற்றிக் கம்பிக் கூண்டும் போட்டிருந்தாள். சிவப்புக்குக் கூண்டு போட்டால் வேகம் செத்துவிடும். கூண்டில்லாமல் சீறிக்கொண்டு போகும், ஆள் தொற்றினால் திணறும்.

3

விழாக் குழுத் தலைவர் வேணுகோபால் முன்னிலையில் சோதனை நடந்தது. பட்டுக்கடைக்காரர். மூழ்குகிற ஆளுக்குப் பதிலாக, பந்தல் வாசலில் கட்டியிருந்த வாழைமரத்தை வெட்டி ஏரியில் போட்டார்கள். முதலில் பித்தளை.

"இன்னாம்மா இது, எருமை மாதிரி போய்கினு கீது. வீடியோல பாக்க நல்லாவா இருக்கும்?" என்றார் வேணுகோபால்.

அடுத்து சிவப்பு. படகு பறந்து போய் வாழைத்தண்டைத் தள்ளிக்கொண்டு வந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். மணிமேகலை மட்டும் தட்டவில்லை.

"அண்ணா, தண்டு தானா மெதக்குதுங்க. ஆளு மெதக்க மாட்டான்."

"மொதல்ல ஜல்தியா போய்ச் சேரணும்மா. இழுக்கறத அப்புறம் பாக்கலாம்."

இவரைக் கெட்டவராக எழுதத்தான் உட்கார்ந்தேன். வரவில்லை. குமரேசன் பாடையை முன்னால் நின்று தூக்கியவர் இவர்தான். போய்ச் சேர வேண்டும் என்பதும் நியாயமான பேச்சுதான். அதுதான் எனக்கு எரிச்சல்.

சிவப்பை ஏன் மாட்டினாய் என்று கடையில் கேட்டேன். "மாட்டலேன்னா படகே தண்ணில எறங்காதுன்னாங்க. ஒண்ணுமில்லாததுக்கு இதாவது இருக்கட்டும்னு மாட்டிட்டேன்" என்றாள்.

4

போன வருடம், கரைப்பு நாள். வேணுகோபால் படகுக்குச் சரிகைக் கரை போட்ட பட்டுச் சால்வை போர்த்தினார்.*

* எங்கள் ஊரில் மரியாதை என்றால் போர்த்துவதுதான். மந்திரிக்கும் போர்த்துவோம், புது லாரிக்கும் போர்த்துவோம்.

படகை இறக்கும்போது மணிமேகலை சால்வையை எடுக்கப் போனாள். போர்த்தியதை உருவுவது அபசகுனம் என்று குழுவில் நாலு பேர் கையைப் பிடித்தார்கள். ஓரங்களை உள்ளே செருகிவிட்டு ரிமோட்டைக் கையில் எடுத்தாள்.

படவேட்டிலிருந்து சிலை தள்ள வந்த அஜித் என்ற பையன் பள்ளத்தில் கால் வழுக்கி ஆழத்துக்குப் போனான். படகு பறந்தது. சொன்ன மாதிரியே ஜல்தியாகப் போய்ச் சேர்ந்தது. அஜித் கையை நீட்டினான். கயிறுதான் சால்வைக்குள் மறைந்திருக்கிறதே, அவன் கையில் அகப்பட்டது சால்வை. அது சரிந்து சிவப்பு இறக்கையில் சுற்றிக்கொண்டது, மோட்டார் நின்றது. பட்டு லேசில் அறாது. அதைச் சொல்லித்தான் நாங்கள் விற்கிறோம்.

அப்போது மணிமேகலை ரிமோட்டை—

வேண்டாம், இங்கேயே நிறுத்துகிறேன்.

5

முடிவு ஒன்று: விழுந்தவன் வேணுகோபாலின் மகன் என்று மாற்றிப் பார்த்தேன். கேட்க நன்றாக இருந்தது. நியாயம் நம் ஊரில் அவ்வளவு சுறுசுறுப்பு இல்லை என்பதால் கிழித்துப் போட்டேன்.

முடிவு இரண்டு: மணிமேகலை ஏரியில் குதித்து அஜித்தை இழுத்து வருகிறாள். இதைக் கடைக்குப் போய் அவளிடமே படித்துக் காட்டினேன். சால்டரிங் செய்துகொண்டே கேட்டாள்.

"எனக்கு நீச்சலே தெரியாதுங்க. தெரிஞ்சிருந்தா நான் ஏன் படகு செய்றேன்?"

முடிவு மூன்று என்னிடம் இருக்கிறது. நடந்தது அதுதான். எழுத மாட்டேன். பிழைத்தான் என்றால் குழுவை மன்னித்துவிடுவீர்கள். செத்தான் என்றால் உச்சுக்கொட்டிவிட்டு அடுத்த பக்கம் போய்விடுவீர்கள். இரண்டுமே உங்களுக்கு வசதி. இரண்டையும் தர எனக்கு மனமில்லை.

(வாழைத்தண்டைக் காப்பாற்றிய வீடியோ மட்டும் இன்னும் பாட்டோடு ஊரைச் சுற்றுகிறது.)

6

இந்த வருடமும் படகு வேண்டும் என்று குழு ஆள் அனுப்பியிருக்கிறது. புதுச் சால்வை தறியிலிருந்து இறங்கிவிட்டதாம். மணிமேகலை என் போனைக் கொடுத்துவிட்டு இரண்டு ப்ரொப்பெல்லர்களையும் என் பக்கம் தள்ளினாள்.

"கதை எழுதறீங்க இல்ல, நீங்களே ஒண்ண எடுத்துக் குடுங்க."

பித்தளை என்று சொல்ல ஒரு நொடி போதும். சொன்னால், அதை வேணுகோபாலிடமும் போய்ச் சொல்ல வேண்டும். நான் போனை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

இரண்டும் இன்னும் மேசைமேல்தான் இருக்கின்றன. இனி உங்கள் பாடு. ஒன்றை எடுங்கள். எடுப்பதற்கு முன்னால், இந்த வருடம் உங்கள் வீட்டிலிருந்து யார் தண்ணீரில் இறங்கப்போகிறார்கள் என்பதை மட்டும் அவளிடம் சொல்லிவிடுங்கள்.