தண்ணீர் கேட்காத செடி

மார்ச் பதினொன்று, காலை, வாசல் சுவரையொட்டிய பாத்தி. செடியின் அடியிலைகள் மஞ்சளாகியிருந்தன, தண்டு மண்ணைத் தொடும் இடம் கறுத்திருந்தது. அழுகல்தான், சந்தேகமே இல்லை, சமையலறை ஜன்னலில் நின்று அவள் பார்த்துக்கொண்டிருக்கிறாள், குழாய் திறக்கிறது, வாளி நிரம்புகிறது, இதோ கணவர் குனியப் போகிறார்... ஊற்றாதீர்கள் என்று ஒரு வார்த்தை, கண்ணாடியைத் தட்டினால் போதும், ஆனால் எப்படிச் சொல்வது, மாதக்கணக்கில் கட்டிலே கதியென்று கிடந்த மனிதர் இந்தச் செடி வந்த பிறகுதானே விடிந்ததும் எழுந்து சட்டை மாட்டிக்கொள்கிறார்? நர்சரிக்காரர் செடி வாங்கிய அன்றே சொன்னார், வேர் பிடிக்கிற வரைக்கும்தாம்மா தண்ணி, அப்புறம் இப்படி ஒண்ணு இருக்கிறதையே மறந்துடுங்க, பாசத்தைக் கொட்டினீங்கன்னா செத்துப் போயிடும், சொல்லிவிட்டுச் சிரித்தார், அவளும் சிரித்தாள். ரோஜா வாங்கியிருக்கலாம். ஆனால் இதைத்தானே அவர் பேருந்து ஓட்டிய பாதையில், ஊரைத் தாண்டியதும் வரும் பாறைக் கரட்டில், பொட்டு மழை இல்லாத மாதத்திலும் மஞ்சள் மஞ்சளாகப் பூத்திருக்கப் பார்த்துவிட்டு வந்து சொல்வார். அதே பாதையில்தான் ஒரு சைக்கிள்காரர் அவர் பேருந்துக்குக் குறுக்கே வந்து செத்துப்போனார். உனக்கு மூளை இருக்காடி, உலகத்துல வேற பூவே இல்லையா என்று அக்கா போனில் கத்தினாள்... உங்கள் மேல் தப்பில்லை என்று விசாரணையில் எழுதிக் கொடுத்தார்கள், அப்படிச் சொன்ன அன்றுதான் அவர் வந்து படுத்தார். ஏதாவது ஒன்றைக் கவனித்துக்கொள்ளக் கொடுங்கள் என்றார் டாக்டர். அதற்கு முன்பே தலையணை உறைக்குள், விழுங்காமல் சேர்த்து வைத்த மாத்திரைகள் அவள் கையில் தட்டுப்பட்டிருந்தன. குளியலறைத் தாழ்ப்பாளைக் கழற்றினாள். ஜன்னலில் நிற்க ஆரம்பித்தாள். மதியம் அவர் கண்ணயரும்போது ஈரமண்ணைச் சுரண்டி எடுத்துவிட்டு மணல் போட்டுப் பார்த்தாள், மறுநாள் காலை மறுபடி ஒரு வாளி. சொன்னால் அவர் எழமாட்டார், சொல்லாவிட்டால் செடி போய்விடும், செடி போனால்... கால்கள் வாசலுக்கு வந்துவிட்டிருக்கின்றன.

"என்னங்க, அதுக்குத் தண்ணி வேண்டாமாம்."

"தெரியும்."

"தெரியுமா?"

"பதினெட்டு வருஷம் அந்த ரோட்ல ஓட்டியிருக்கேன். ஒருத்தன் வாளியத் தூக்கிட்டு வந்து அதுக்கு ஊத்தினதில்ல."

"அப்புறம் ஏன் ஊத்துறீங்க?"

அவர் வாளியைக் கீழே வைக்கிறார். அவளைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்க்கிறார். "நீ அங்க செக்கிங் இன்ஸ்பெக்டர் மாதிரி நிக்கிறியே. நான் வரலைன்னா அன்னிக்கு முழுக்க உன் மூஞ்சியப் பார்க்க முடியல."

எனக்காகவா? இத்தனை நாளும் எனக்காகவா எழுந்தார்? அப்படியானால் அவருக்காக அவர் ஒரு நாளாவது... நாளைக்கு ஊத்த வேண்டாம் என்கிறாள். சரி, நீயும் நிக்காத என்கிறார்.

மறுநாள் திரையை இழுத்து மூடிவிட்டு டீக்குத் தண்ணீர் வைக்கிறாள், வெளிச்சம் துணிக்குப் பின்னால் ஏறிக்கொண்டிருக்கிறது, குழாய்ச் சத்தம் இல்லை, பேசியபடிதான், இருக்கக் கூடாதுதானே... ஆனால் அந்தச் சத்தத்தை வைத்துத்தான் அவர் எழுந்தது அவளுக்குத் தெரியும், இது ஏன் நேற்றே தோன்றவில்லை? எழுந்து பாத்தியருகே சும்மா நிற்கிறாரா, இல்லை சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறாரா, இரண்டுக்கும் ஒரே அமைதிதானா? படுக்கையறைக் கதவு பத்தடி தூரம், போய்ப் பார்த்தால் அதுவும் ஜன்னலில் நிற்பதுதானே. திரையின் ஓரம் விரல்களுக்குள் கசங்குகிறது. டீத்தண்ணீர் பொங்கி அடுப்பில் வழிகிறது, அணைக்கிறாள், மறுபடி காதைத் தீட்டிக்கொள்கிறாள். ஒன்றும் கேட்கவில்லை.

மார்ச் பன்னிரண்டாம் தேதி காலை செடிக்குத் தண்ணீர் ஊற்றப்படவில்லை. திரை மூடியே இருந்தது.