வேற ஏதாவது சந்தேகமா?

குழந்தைகள் வார்டில் ஆறு வாரப் பயிற்சிக்கு வந்திருந்த மருத்துவ மாணவிக்கு நர்சுகள் வைத்த பெயர் மின்னல். வேலையில் அவ்வளவு வேகம். கடைசி நாளன்று தலைமை டாக்டரம்மா அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மதிப்பீட்டுத் தாளில் எல்லாக் கட்டத்திலும் ‘நன்று’ என்று டிக் அடித்து அனுப்பிவிடுவது அவருக்கு அறவே பிடிக்காது. கண்ணால் பார்த்ததை முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவார்.

“ஊசி போடறதுக்கு முன்னாடி பொம்மைக்குப் போட்டுக் காட்டற பாரு, அதை மட்டும் விட்டுடாத. அழுற குழந்தைகூட உன்கிட்ட கையை நீட்டுது.”

மின்னலின் முகம் மலர்ந்தது.

“ஆனா ஒண்ணு. நேத்து மூணாவது கட்டில் குழந்தையோட அம்மா என்னமோ கேக்க வாயைத் தெறந்தாங்க. நீ ‘வேற ஏதாவது சந்தேகமா’ன்னு கேட்டுக்கிட்டே வாசலுக்குப் போயிட்ட. அப்புறம் அவங்க எப்படிக் கேப்பாங்க? இதை யாருகிட்ட கத்துக்கிட்ட நீ?”



ரவுண்ட்ஸுக்கு நேரமாகிவிட்டது. டாக்டரம்மா தாளில் கையெழுத்தைக் கிறுக்கிவிட்டு, ஸ்டெதஸ்கோப்பைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு எழுந்தார்.

“சரிம்மா, வேற ஏதாவது சந்தேகமா?”

பதில் வரவில்லை. எரிச்சலோடு திரும்பிப் பார்த்தார். மின்னல் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு, கதவுப்பிடியில் இருந்த அவருடைய கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அடிப்பாவி!” என்றார் டாக்டரம்மா.

திரும்பி வந்து, நாற்காலியை அவள் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“இப்பக் கேளு. நான் எங்கயும் போகல.”