தப்பாவே பேசுங்க

ஏழாம் எண் அறையின் குளியலறை வடிகாலில் சிக்கியிருந்த முடியை விரலால் இழுத்துப் போட்டுவிட்டு, பினாயில் ஊற்றித் தேய்க்க உட்கார்ந்தாள் வள்ளி. பௌர்ணமி கிரிவலத்துக்கு மறுநாள். திருவண்ணாமலை செங்கம் சாலையில் இருந்த அந்த விடுதியில் பதினான்கு அறைகள். ஒன்பது அறைகள் காலையிலேயே காலியாகிவிட்டன. பதினொரு மணிக்கு அடுத்த ஆட்கள் வந்துவிடுவார்கள். வலது காதில் மட்டும் இயர்போன் மாட்டியிருந்தாள். மேனேஜர் ராமதாஸ் கூப்பிட்டால் கேட்க வேண்டும் என்று இடது காதை விட்டுவைத்திருந்தாள்.

"கூச்சப்படாதீங்க. தப்பாவே பேசுங்க. பேசிக்கினே இருந்தா சரியாயிடும்." கவிநிலா எல்லாப் பாடத்தையும் இப்படித்தான் தொடங்குவாள். யூடியூபில் நான்கு நிமிட இங்கிலீஷ் பாடம். பின்னால் அவள் வீட்டுச் சமையல்மேடை தெரியும். கீழ்பென்னாத்தூர் பக்கத்துப் பெண். நடுவில் தன்னை மறந்து 'இன்னா' என்று சொல்லிவிட்டுச் சிரிப்பாள். ஆறு லட்சம் பேர் அவளைப் பார்க்கிறார்கள். இருநூற்றுப் பன்னிரண்டு பாடங்களையும் வள்ளி முடித்திருந்தாள், சிலவற்றைப் பத்து தடவைக்கு மேல்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு வெளிநாட்டுப் பெண் இங்கிலீஷில் ஏதோ கேட்க, புரியாமல் வள்ளி சிரித்துவைத்தாள். தன்னைக் கேலி செய்கிறாள் என்று அந்தப் பெண் கீழே போய்ப் புகார் சொன்னாள். வராந்தாவில் எல்லோர் முன்னாலும் ராமதாஸ் திட்டினான். அன்றைக்கு ராத்திரி மகள் பூஜாதான் போனில் கவிநிலாவைத் தேடிக் கொடுத்தாள்.

போன வாரம் ரிசப்ஷனில் இருந்த பெண் கல்யாணமாகி வேலூருக்குப் போனதும், வாசலில் 'ஆள் தேவை' என்று போர்டு வைத்தார்கள். வள்ளி இரண்டு நாள் யோசித்து, மூன்றாம் நாள் கேட்டேவிட்டாள். "சார், அந்த வேலைய நான் பாக்கட்டுங்களா?"

ராமதாஸ் சிரித்தான். "நீ அங்க உக்காந்துட்டா, ரூம யாரு பெருக்கறது?"

டைல்ஸைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது இடது காதில் கேட்டது: "அம்மா, செருப்ப வெளிய உடாத. கொரங்கு தூக்கிக்கினு போயிடும்."

வள்ளியின் கை நின்றது. ஈரக் கையோடு போனைத் தொட்டுப் பாடத்தை நிறுத்தினாள். வலது காதில் குரல் நின்றுவிட்டது. இடது காதில் அதே குரல் நிற்கவில்லை. "சாவி எங்கம்மா? உன்கிட்டதான குடுத்தேன்?"

கதவிடுக்கில் பார்த்தாள். கவிநிலாவேதான். போனில் தெரிவதைவிடக் குள்ளம். கசங்கிய சுடிதார், நெற்றியில் கோயில் விபூதி. அம்மாவோடு எட்டாம் அறைக்குள் போனாள். பேசத்தான் வள்ளிக்குத் துடித்தது. ஆனால் விருந்தாளிகளிடம் வேலையாட்கள் போய்ப் பேசக் கூடாது என்பது விடுதியின் சட்டம். தேய்த்த டைல்ஸையே திரும்பத் திரும்பத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

அழுக்குத் துணி மூட்டையோடு அவள் படி இறங்கியபோது கீழே சத்தமாக இருந்தது. நான்காம் அறையில் தங்கியிருந்த மார்த்தா, எழுபது வயது ஜெர்மன்காரம்மா, கையில் ஒரு சின்ன மருந்துக் குப்பியை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தாள். ராமதாஸ் தலையை ஆட்டினான். "ஐஸ்? ஓகே மேடம். ஐஸ் வாட்டர். ஃபைவ் மினிட்ஸ்."

"நோ, நோ!" அந்த அம்மாள் அழுதுவிடுவாள் போலிருந்தது.

வள்ளிக்குப் புரிந்துவிட்டது. பிரிட்ஜில் வைக்கச் சொல்லிக் கொடுத்த இன்சுலினை யாரோ மேல்தட்டில், ஐஸ் பெட்டியில் வைத்துவிட்டார்கள். உறைந்துபோன மருந்து இனி உதவாது. மூட்டையைப் படியிலேயே போட்டுவிட்டுக் கிட்டே போனாள்.

"மேடம், ப்ளீஸ் சிட். யூ ஈட் சம்திங்?"

"நோ இன்சுலின், நோ ஃபுட்."

"கிவ் மீ டாக்டர் பேப்பர். ஐ கோ மெடிக்கல் ஷாப். ஐ பிரிங் நியூ ஒன். யூ டோன்ட் ஃபியர்."

கடைசி வார்த்தை தப்பு என்று சொல்லும்போதே தெரிந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை. மருந்துச் சீட்டையும் பணத்தையும் வாங்கிக்கொண்டு யூனிபார்ம் கோட்டோடு ரோட்டில் ஓடினாள். கால் மணியில் திரும்பி வந்தாள். மார்த்தா தானே ஊசி போட்டுக்கொண்டு, வள்ளியின் பினாயில் வாடை அடிக்கும் கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

"அக்கா, எங்க கத்துக்கிட்டீங்க?"

திரும்பினாள். படியில் கவிநிலா நின்றிருந்தாள். எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள். இப்போது வள்ளிக்குத் தமிழே வரவில்லை. கோட்டுப் பையிலிருந்து போனை எடுத்து நீட்டினாள். திரையில் கவிநிலா பாதி வார்த்தையில் வாயைத் திறந்தபடி நின்றிருந்தாள்.

கவிநிலா அதையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மாடியைப் பார்த்துக் கத்தினாள். "அம்மா! சீக்கிரம் வா. இவங்க என் ஸ்டூடன்ட்டும்மா!"

அவள் கண் கலங்கியிருந்தது. "போனப் பாத்துப் பேசிக்கினே இருக்கறேன்க்கா. அந்தப் பக்கம் யாரு இருக்காங்கன்னே தெரியாது. ஒரு போட்டோ எடுத்துக்கலாமா?"

வள்ளி அவசரமாகக் கோட்டைக் கழற்றப் போனாள்.

"இருக்கட்டும்க்கா. அதோடவே நில்லுங்க."

போட்டோ எடுத்ததும் கவிநிலா ராமதாஸிடம் சொன்னாள். "வாசல்ல போர்டு பாத்தேங்க. இவங்களையே உக்கார வைக்கலாமே?"

"டிகிரி கேக்கறாங்க மேடம், ஓனரு."

"நானும் டிகிரி முடிக்கலீங்க."

"பாக்கலாம் மேடம்" என்றான் ராமதாஸ்.

மறுநாள் இருநூற்றுப் பதின்மூன்றாம் பாடம் வந்தது. அடி அண்ணாமலையில் வள்ளியின் வீட்டு வாசலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் போனைச் சுற்றி நின்றார்கள். "நேத்து திருவண்ணாமலையில ஒரு அக்காவப் பாத்தேன். 'டோன்ட் வொரி'ன்னு சொல்லணும். அவங்க 'டோன்ட் ஃபியர்'னு சொன்னாங்க. ஆனா அந்தம்மாவுக்குப் பயம் போயிடுச்சே! அப்பறம் இன்னா தப்பு?" வள்ளியின் கணவன் முருகவேல் அதை நான்கு தடவை போடச் சொன்னான். தான் வேலை செய்யும் கட்டடத்துக்கும் கொண்டுபோய்க் காட்டுவதற்குத் தன் போனில் ஏற்றிக்கொண்டான். பூஜா அம்மாவின் தோளில் கை போட்டபடியே நின்றாள்.

பத்து நாளில் ரிசப்ஷனுக்கு விக்னேஷ்வரன் வந்து சேர்ந்தான். பி.பி.ஏ. படித்தவன், மரியாதையான பையன். ராமதாஸ் வள்ளியைக் கூப்பிட்டுச் சொன்னான். "வெளிநாட்டுக்காரங்க பேசறது தம்பிக்குச் சரியா பிடிபடல. கூப்பிட்டா வந்து பேசிட்டுப் போ. உனக்குதான் நல்லா வருதே."

அன்று மத்தியானமே ரிசப்ஷன் மணி அடித்தது. "வள்ளிக்கா, கொஞ்சம் வாங்க."

கையைத் துடைத்துக்கொண்டு இறங்கினாள். உயரமான வெள்ளைக்காரர் ஒருவர் பையைப் பஸ்ஸில் விட்டுவிட்டு வந்து பதறிக்கொண்டிருந்தார். எந்த ஊர் பஸ், எத்தனை மணி, என்ன நிறப் பை என்று வள்ளி ஒவ்வொன்றாகக் கேட்டாள். கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்றபடியே போனை வாங்கி டிப்போவில் விசாரித்தாள். பிறகு அவரிடம் நிதானமாகச் சொன்னாள்.

"யுவர் பேக் இஸ் அட் தி பஸ் டிப்போ, சார். தே வில் கீப் இட் டில் ஃபைவ் ஓ க்ளாக்."

அவர் முகம் மலர்ந்தது. நன்றி சொல்லிக்கொண்டே, வள்ளியின் தோளைத் தாண்டி எட்டி, நாற்காலியில் உட்கார்ந்திருந்த விக்னேஷ்வரனின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

வள்ளி பின்பக்கப் படிக்குத் திரும்பினாள். மூன்றாம் அறையில் இன்னும் படுக்கை விரிக்கவில்லை. ஏறும்போது, தான் சொன்னதை வார்த்தை வார்த்தையாக மனதுக்குள் மறுபடி சொல்லிப் பார்த்தாள். ஒரு தப்பும் இல்லை.